மேலே ஒரு விருந்து, கீழே ஒரு விருந்து

புதுச்சேரிக்குப் போகிறேன் என்று சொன்னால் திருச்சியில் அந்த நாளில் யாரும் எதற்கு என்று கேட்க மாட்டார்கள்; லேசாகச் சிரிப்பார்கள். எங்கள் பக்கம் மதுவிலக்கு. அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் மூன்று வருடம் ஆகியும் கடைகள் பட்டப்பகலில் திறந்து கிடந்தன. என் லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட தலைமையாசிரியர், கல்யாணப் பத்திரிகை வைக்கத்தானே என்று இரண்டு தடவை கேட்டார்.

கல்யாணப் பத்திரிகை வைக்கத்தான். என் மனைவி ஸ்டெல்லாவின் தங்கைக்குக் கல்யாணம். என் மாமியாருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரும் அக்கா ஒருவரும் புதுச்சேரியில் பெரிய வீடு ஒன்றில் இருந்தார்கள். இருவரும் உடன்பிறந்தவர்கள். அந்துவான் மாமா மூத்தவர். சைகோன் கோர்ட்டில் பல காலம் எழுத்தராக இருந்துவிட்டு வந்தவர், மனைவியை இழந்தவர். மார்த்தா பெரியம்மா கல்யாணமே செய்துகொள்ளாதவர். தபாலில் அனுப்பினால் மரியாதை இல்லை, நேரில் போய்த் தட்டு வைத்துக் கூப்பிட வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார்.

ஸ்டெல்லா சிறுமியாக இருந்தபோது ஒரு கோடை விடுமுறையை அந்த வீட்டில் கழித்திருக்கிறாள். வழியெல்லாம் அதே பேச்சு. ஆள் உயரக் கண்ணாடி, கூடத்தில் தொங்கும் சரவிளக்கு, இரண்டு பேர் கைகோத்து ஏறக்கூடிய மரப்படி. எல்லாம் அப்படியே இருக்குமா என்று என்னைக் கேட்டாள். நான் அந்த ஊரையே பார்த்ததில்லை.

விழுப்புரம் தாண்டியதும் பஸ் கொதித்து நின்றது. கண்டக்டர் தகர டின்னை எடுத்துக்கொண்டு குட்டையைத் தேடிப் போனார். எங்களுக்குப் பின்னால் ஒருவர் மடியில் பெரிய பால்கேனைக் காலியாக வைத்திருந்தார். பால் வியாபாரமா என்று பக்கத்து ஆள் விசாரித்தார். "போவும்போது பால் வியாபாரம்" என்றார் இவர். பஸ் முழுவதும் சிரித்தது. ஸ்டெல்லா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊருக்குள் நுழைந்ததும் எனக்குப் பிடித்தது தெருக்கள். திருச்சியில் எங்கள் தெரு மாடு நடந்த தடத்தில் வீடு கட்டியதுபோல வளைந்து வளைந்து போகும். இங்கே கோல் வைத்து இழுத்த கோடுகள், ஒன்றையொன்று சரியாக வெட்டிக்கொள்கின்றன. நான் கணக்கு வாத்தியார், மனம் குளிர்ந்துவிட்டது. சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்ட, எங்கள் சைக்கிள் ரிக்‌ஷா மரியாதையாக நின்றது. தெருக் கோடியில் கடல். புயலில் உடைந்த கப்பல்துறைப் பாலத்தின் தூண்கள் மட்டும் தண்ணீருக்குள் நின்றன.

வீட்டுப் பெயரைச் சொன்னதும் ரிக்‌ஷாக்காரர், மேல் வீடா கீழ் வீடா என்று கேட்டார். ஒரே வீடுதானப்பா என்றேன். அவர் வண்டியை மிதித்தார்.

வீடு ஸ்டெல்லா சொன்னதைவிடப் பெரியது. மஞ்சள் சுண்ணாம்புச் சுவர், வளைவு வளைவாகச் சன்னல்கள், மேலே நீளமான பால்கனி. ஆனால் கடல் காற்று சுவரைத் தின்றிருந்தது. காரை உதிர்ந்த இடங்களில் செங்கல் தெரிந்தது. சன்னல் கதவுகளில் பாதிச் சட்டங்கள் இல்லை. இருந்தாலும் அது எளிதில் தலை குனிகிற வீடாகத் தெரியவில்லை. வாசற்கதவின் பித்தளைக் கைப்பிடியை யாரோ அன்று காலையிலும் துலக்கியிருந்தார்கள்.

துலக்கியவர் மாமாதான் என்று பிறகு தெரிந்தது. வெள்ளைக் காற்சட்டையும் மேல்பொத்தான் வரை பூட்டிய சட்டையுமாக வந்து, "போன்ழூர் மாப்பிள்ளை" என்று என் கையைக் குலுக்கினார். ஸ்டெல்லாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார், அதுவும் தெருவில் வைத்து. எங்கள் ஊரில் இப்படி நடந்தால் அக்கம்பக்கம் ஒரு மாதத்துக்கு வேறு பேச்சுப் பேசாது.

கூடத்தில் கண்ணாடி இருந்தது. ரசம் போய், ஸ்டெல்லாவின் முகத்தில் தேமல் விழுந்ததுபோல் காட்டியது. சரவிளக்கு இருந்தது; அதில் குருவி கூடு கட்டியிருந்தது. அந்தச் சோபாவின் இடது பக்கம் உட்காராதீர்கள், கம்பி குத்தும் என்று மாமா எச்சரித்தார். மரப்படியும் இருந்தது. ஆனால் அதன் அடியில், வழியை முழுக்க அடைத்துக்கொண்டு, ஒரு தேக்கு அலமாரி நின்றது.

ஸ்டெல்லா அதையே பார்த்தாள். பெரியம்மா எங்கே என்று கேட்டாள். மாமா விரலால் கூரையைக் காட்டினார். பக்கத்துச் சந்தில் வேறு படி இருக்கிறது என்றார். அவ்வளவுதான்.

அதற்குள் மேலே பால்கனியிலிருந்து குரல் கேட்டது. "ரிக்‌ஷாக்காரரே, ஸ்டெல்லா பொண்ணுதான வந்துருக்குது? மேல வரச் சொல்லுங்க." பத்தடிக்குக் கீழே தன் அண்ணன் நிற்கிறார், பெரியம்மா ரிக்‌ஷாக்காரரிடம் சொல்லி அனுப்புகிறார்.

இரண்டு வருடமாக இப்படித்தானாம். எங்கள் மாமியாருக்குத் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு வரும் வாழ்த்து அட்டையில் இருவர் பெயரும் எப்போதும்போல் இருந்திருக்கிறது.

எங்களுக்கு உடனடியாக ஒரு சங்கடம். கொண்டுவந்தது ஒரே தட்டு, ஒரே தேங்காய். இருவர் பெயரும் சேர்த்து எழுதிய ஒரே பத்திரிகை. கையில் உபரியாகப் பத்திரிகை இருந்ததால் ஸ்டெல்லா புதிதாக இரண்டு எழுதினாள். வெற்றிலையையும் பழத்தையும் பங்கு பிரித்தாள். தேங்காயைப் பங்கு பிரிக்க முடியாதே. நான் கடைத்தெருவுக்கு ஓடி இன்னொன்று வாங்கிவந்தேன்.

சந்துப் படி குறுகலானது. ஏறிப் போனால் மேலே வேறொரு வீடு. பெரியம்மா பருத்த உடம்பு, நரைத்த தலை, கழுத்தில் ஜெபமாலை. ஸ்டெல்லாவை அணைத்துக்கொண்டு விடவே இல்லை. அவருடைய அறையில் உயரமான இரும்புக் கட்டில். அதன் கொசுவலையில் அத்தனை ஒட்டு, தேசப்படம்போல. சுவரெல்லாம் ஒரே பையனின் படங்கள். மாதா கோயிலில் மெழுகுத்திரி பிடித்து முதல் நன்மை வாங்கும் படம், சைக்கிள் படம், பிரெஞ்சுப் பட்டாள உடுப்பில் ஒரு படம். மாமாவின் மகன் ரொபேர். தாய் இல்லாத பிள்ளையை, தகப்பன் சைகோனில் இருந்த காலமெல்லாம், பெரியம்மாதான் வளர்த்தார். இப்போது அவன் பிரான்சில் துலோன் என்ற ஊரில் குடும்பத்தோடு இருக்கிறான்.

இருவருமே எங்களுக்கு விருந்துக்குச் சொல்லிவிட்டார்கள். ஸ்டெல்லா ஒரு நொடி யோசித்து, நான் மேலே, நீங்கள் கீழே என்று தீர்ப்புச் சொன்னாள். படுக்கையும் அப்படியே. பெரியம்மாவின் மாடியில் ஆண்பிள்ளை படுப்பது வழக்கமில்லை.

சாயங்காலம் தேங்காய்த்திட்டிலிருந்து மீன்காரம்மா கூடையோடு வந்தார். நல்ல கொடுவா ஒன்றை வாசலிலேயே வைத்து இரண்டாக வெட்டினார். தலைப்பக்கம் மேலே, வால்பக்கம் கீழே. "ஒரு மீனு, ரெண்டு அடுப்பு" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சந்துக்குள் போனார்.

மாமாவின் மேசையில் பன்னிரண்டு பேர் உட்காரலாம். ஒரு கோடியில் நாங்கள் இருவர். நீள ரொட்டி, வெண்ணெயில் வதக்கி எலுமிச்சை பிழிந்த மீன், காடியும் பூண்டும் போட்டு ஊறவைத்த ஆட்டுக்கறி. ரொட்டி மேலே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சாகவும் இருந்தது. எங்கள் ஊரில் காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும் ரொட்டிக்கும் இதற்கும் பெயர் ஒன்று என்பதே அநியாயம். மாமா தனக்குச் சிவப்பு வைன் ஊற்றிக்கொண்டு எனக்கும் கொஞ்சம் ஊற்றினார். தலைமையாசிரியரை நினைத்துக்கொண்டு குடித்தேன். புளித்தது.

மாடியில் பெரியம்மா நடப்பது எங்கள் தலைக்கு மேல் கேட்டது. மாமா பேச்சை நிறுத்திக் காதுகொடுத்தார். இப்போது சன்னல் சாத்துவாள் என்றார். மேலே சன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. இனி ஜெபமாலை என்றார். மேலே ஓசை அடங்கிற்று. கோயில் மணியைவிட அவருக்கு அதுதான் கடிகாரம்.

அடுத்த வாரம் தனக்குக் கப்பல் என்று அப்போதுதான் சொன்னார். மகன் இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறான். முதல் கடிதம் வந்தபோதே சரி என்று எழுதிவிட்டாராம். அதைத் தங்கையிடம் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, குளிருக்குக் கோட்டு தைக்கக் கொடுத்த இடத்திலிருந்து விஷயம் மேலே போய்விட்டது. மறுநாள் காலை எழுந்துவந்தால் படியடியில் அலமாரி. அவ்வளவு கனத்தை எந்த ஆளை வைத்து இழுத்தாள் என்று இன்றுவரை தெரியாது என்றார்.

நீங்களே மேலே போய்ப் பேசக் கூடாதா என்று கேட்டேன். கோப்பையை நகர்த்தி வைத்தார்.

"போவாதண்ணேன்னு ஒரு வார்த்தை அவ சொல்லட்டும் மாப்பிள்ளை. டிக்கெட்ட கிழிச்சிப் போட்டுட்டு இங்கியே கெடக்கறேன். அங்க எனக்கு யாரத் தெரியும்? அந்தக் குளிரத் தெரியும், அவ்ளோதான்."

அப்படியானால் கூடவே அழைத்துக்கொண்டு போகலாமே என்றேன். பிறந்ததிலிருந்து இந்தத் தெருவைத் தாண்டாதவள், கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள், அதை என் காதால் கேட்க வேண்டாம் என்றார். பிறகு சைகோன் கதைகளுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை சூடான ரொட்டியைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிட்டோம். ஸ்டெல்லா வீங்கிய கண்களோடு இறங்கிவந்தாள். என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். மாமா கூடவே இருந்தார். பிறகு ரிக்‌ஷா காத்திருந்தது. மாமா வாசலில் நின்று கையாட்டினார், பெரியம்மா பால்கனியில் நின்று கையாட்டினார். பஸ்ஸில் அவளுக்குப் பெண்கள் பக்கத்தில் முன்சீட்டு, எனக்குக் கடைசியில். ஊர் எல்லை வரை ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

எல்லைச் சாவடியில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். பாட்டில் சோதனை. ஒரு அம்மாளின் ஊறுகாய் ஜாடியை போலீஸ்காரர் திறந்து முகர்ந்து பார்த்துத் தும்மினார். நாங்கள் புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றோம். அங்கேதான் ஸ்டெல்லா சொன்னாள்.

பெரியம்மா வெகுநேரம் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தாராம். ரொபேர் அப்பாவை மட்டும் வா என்று எழுதினான், எழுதட்டும், அவன் பிள்ளை. ஆனால் கூடப் பிறந்தவர், நீயும் வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே. அப்படிக் கேட்டால் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கோயிலில் கொடுத்துவிட்டு அடுத்த நாளே கிளம்பிவிடுவேன் என்றாராம். பெட்டிகூடத் தயாராக இருக்கிறது, கட்டிலுக்கு அடியில் காட்டினார் என்றாள்.

நான் மாமா சொன்னதைச் சொன்னேன்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். பிறகு பஸ்ஸில் ஏறிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் என்று நான் சொன்னது அவள் காதில் விழவில்லை. பாதையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுவிட்டாள்.

திரும்பும் பஸ் நிற்காமல் போயிற்று. சவுக்கு விறகு ஏற்றிய மாட்டுவண்டிக்காரர் ஒருவர் எங்களை ஏற்றிக்கொண்டார். விறகுக் கட்டின்மேல் வெயிலில் உட்கார்ந்து, யார் முதலில் பேசுவது, எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்தோம். மாமாவின் குரலில் நானும் பெரியம்மாவின் குரலில் அவளும் பேசிப் பார்த்தோம். வண்டிக்காரரே திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்த பொழுதுகள் அதிகமில்லை.

வாசலில் மீன்காரம்மா கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்திருந்தார். அவரை நாங்கள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ஸ்டெல்லா தெருவில் நின்றபடியே பெரியம்மாவைக் கூப்பிட்டாள். என்னவோ ஏதோ என்று அவர் சந்துச் சுவரைப் பிடித்தபடி இறங்கிவந்தார். மாமா உள்ளிருந்து வந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஒரே வாசலில் நின்றார்கள்.

ஒத்திகை எல்லாம் மறந்துபோயிற்று. மனப்பாடம் ஒப்பிக்கும் குழந்தைபோல ஸ்டெல்லா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். மாமா இப்படிச் சொன்னார், பெரியம்மா அப்படிச் சொன்னார், டிக்கெட், கட்டிலடிப் பெட்டி, எல்லாம்.

மீன்காரம்மா தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, நான் அப்படியா சொன்னேன்?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னீர்கள் மாமா என்றேன்.

"வைன் குடிச்சா மனுஷன் பாட்டுகூடத்தான் பாடுவான். அதையெல்லாம் பஸ் ஏத்திக்கிட்டுப் போவாங்களா?"

பெரியம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். ஸ்டெல்லாவை அவர் பார்க்கவில்லை. "எனக்கு எதுக்கு பிரான்சு? தூக்கம் வரல, எதையோ பேசிக்கிட்டுக் கெடந்தேன்" என்றார்.

ஸ்டெல்லாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்போது மாமா, யாரையும் பார்க்காமல், "மார்த்தா, வெயில்ல வந்துருக்காங்க, தண்ணி குடு" என்றார். பெரியம்மா மறுபேச்சில்லாமல் மேலே ஏறிப் போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். ஸ்டெல்லா குடித்தபடியே என்னை ஒரு பார்வை பார்த்தாள், கண் பளபளத்தது. பேசிவிட்டார்கள் என்று அர்த்தம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியாட்கள் முன்னால் ஒரு குடும்பம் காத்துக்கொள்ளும் மரியாதை அது. அந்த வெளியாட்கள் நாங்கள். மாமா தானே தெருவில் இறங்கி ரிக்‌ஷாவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

அன்றைக்கு ஊர் வந்துசேரும்வரை ஸ்டெல்லா, பேசிட்டாங்க இல்ல, பேசிட்டாங்க இல்ல என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

கல்யாணத்துக்கு இருவரும் வரவில்லை. மாமா கொழும்பிலிருந்து மணமக்களுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினார். கப்பல் அங்கே நின்றிருக்கிறது. பெரியம்மா தன் கையால் பூவேலை செய்த மேசைவிரிப்பு ஒன்றை யாரிடமோ கொடுத்தனுப்பினார்.

இரண்டு வருடம் கழித்து, பரீட்சை வேலையாக நான் மட்டும் மறுபடி புதுச்சேரிக்குப் போனேன். கடைத்தெருவில் தெரு விளக்குகள் கூடியிருந்தன, சிவப்புத் தொப்பிகள் அப்படியே இருந்தன. வேலை முடிந்ததும் கால்கள் தாமாக அந்தத் தெருவுக்குப் போயின. கீழ் வீட்டை அரிசி வியாபாரி ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். கூடத்தில் மூட்டைகள். வாசல் கைப்பிடி பச்சை பூத்திருந்தது.

பெரியம்மா இளைத்துப்போயிருந்தார். முழங்கால் வலியால் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். என்னைப் பார்த்ததில் சந்தோஷம்தான். காப்பி போட்டுக் கொடுத்து, ஸ்டெல்லாவையும் குழந்தையையும் விசாரித்தார். மாமா சௌக்கியம், மாதம் ஒரு கடிதம் வருகிறது, தானும் எழுதுகிறேன் என்றார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

"அன்னிக்கி நீங்க போனப்புறம், சாயங்காலம் அண்ணன் மேல வந்தாரு" என்றார். "சந்துப் படி ஏறி. கதவுக்கு வெளிய நின்னுகிட்டு, மார்த்தா, நீயும் வர்றியான்னாரு."

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வரலன்னேன்."

ஏன் என்பதையும் அவரே சொன்னார்.

"தானா கேப்பாருன்னு ரெண்டு வருஷம் காத்துக்கெடந்தேன். அடுத்தவங்க சொல்லிக்குடுத்துக் கேட்டா அது கேட்டதா? பாவம்னு கேக்கறாருன்னு தோணிப்போச்சு. கதவயாவது தொறந்துருக்கலாம். உள்ள நின்னுகிட்டே சொல்லி அனுப்பிட்டேன்."

இப்போது கடிதத்துக்குக் கடிதம் வா என்றுதான் எழுதுகிறாராம், யாரும் சொல்லிக் கொடுக்காமல். இந்த முழங்காலோடு கப்பல் படி எங்கே ஏறுவது என்று சிரித்தார். சன்னலுக்கு வெளியே, இரண்டு வீடுகளுக்கு நடுவில், கடல் ஒரு கீற்றுத் தெரிந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத ஸ்டெல்லாகிட்ட சொல்லாதீங்க. நல்ல மனசோட வந்த பொண்ணு" என்றார்.

திருச்சிக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஸ்டெல்லா கேட்டாள், பெரியம்மாவைப் பார்த்தீர்களா என்று. பார்த்தேன், முழங்கால் வலி, மற்றபடி சௌக்கியம் என்றேன். நம்மேல் கோபமில்லையே என்றாள். இல்லை என்றேன். பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, உள்ளே போகாமல் நின்றாள்.

"கப்பல் ஏர்றதுக்கு முன்னாடி அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களாமா?"

"பேசினாங்களாம்" என்றேன்.

"நான் சொன்னேன் இல்ல" என்றாள். அன்று முழுவதும் அவள் முகம் நன்றாக இருந்தது.